காற்று நின்றாலும் கனல் நிற்பதில்லை

அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு என்று எங்கள் பாட்டிமாரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு ஊதுகுழலும் ஊத மூச்சும் இருந்தாற் போதும். அந்த உறவை எங்கள் சமையலறைக்குள் கொண்டுவந்து சேர்த்தது 2022ஆம் ஆண்டு.

அவ்வாண்டை ரம்புக்கனை எளிதில் மறக்காது. எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ஏப்ரல் 19ஆம் திகதி இங்கே புகையிரதப் பாதையை மறித்த மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அதே மாத இறுதியில் 12.5 கிலோ சமையல் எரிவாயுவின் விலை 4,800 ரூபாவைத் தாண்டியது. பணம் வைத்திருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. அந்த நாட்களில்தான் சிரட்டைக்கரி போட்டு எரிக்கும் மின்விசிறி அடுப்புகள் கடைத்தெருக்களில் பெருகின. கரிச்சட்டிக்குக் கீழே கணினியில் இருப்பதைப் போன்ற ஒரு சிறு விசிறி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி, சுவரில் செருக 12 வோல்ட் அடப்டர். அவ்வளவுதான் அதன் உடலமைப்பு.

நண்பர்களே, கனடாவிலோ ஐரோப்பாவிலோ வாழும் உங்களில் சிலரது வீட்டில், அழுத்திய மரத்தூள் குச்சிகளை எரிக்கும் 'பெலட்' அடுப்பு இருக்கக்கூடும். குச்சிகளைத் தள்ளிக் கொடுக்கும் திருகுத் தண்டு, பற்றவைக்கும் சூடேற்றி, புகையை வெளியேற்றும் விசிறி அனைத்தும் அதில் மின்சாரத்தையே நம்பியுள்ளன. எங்கள் கரியடுப்பு அதன் ஏழைத் தங்கை. இருவருக்கும் வரும் நோய்களும் ஏறக்குறைய ஒன்றே.

அண்மையில், அருகிலுள்ள ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் வாழும் தாயொருவர் தமது அடுப்பை உரப்பையில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார். பத்திரிகைக்காரருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது தோட்டத்து மக்களின் பழைய நம்பிக்கை!

"கரண்டு இருக்குதுங்க ஐயா. ஆனா காத்து வரமாட்டேங்குது. கடையில புதுசு வாங்கச் சொல்றாங்க" என்றார்.

இத்தகைய பழுதுகளில் முதற் சந்தேகநபர் மின்சாரமல்ல, சாம்பல். இணைப்பைக் கழற்றிவிட்டு விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தேன். அரைச் சுற்றில் நின்றது. பழைய பற்தூரிகையால் சாம்பலைத் துடைத்ததும் இலகுவாகச் சுழன்றது. பெலட் அடுப்பிலும் இதே கதைதான். காற்றழுத்தத்தை உணரும் ஆளியின் சிறு குழாயில் சாம்பல் அடைத்தால், இயந்திரம் பழுதென்று அறிவித்து நின்றுவிடும். குழாயைச் சுத்தம் செய்வதற்கு முன் மின்சுற்றுப் பலகையை மாற்றுவது வீண் செலவு.

அடுத்தது அடப்டர். தனியாக அளந்தபோது மீற்றர் 12 வோல்ட் காட்டியது. விசிறியை இணைத்ததும் 5 வோல்ட்டுக்கு விழுந்தது. சும்மா நிற்கும்போது பலசாலியாகத் தோன்றி, சுமை ஏற்றியதும் தளர்ந்துபோகும் அடப்டர்கள் பல உண்டு. ஆகவே விசிறி ஓடும்போதே அளக்க வேண்டும். அதன்மேல் எழுதப்பட்டிருக்கும் அம்பியருக்குக் குறையாத அடப்டரையே இணைக்க வேண்டும். பற்றரியில் இணைப்பவர்கள் நேர், மறை முனைகளை மாற்றிவிடலாகாது. மாறினால் விசிறி சுழலாது. சில வேளை எரிந்தும் போகும். என்னிடம் கிடந்த பழைய அடப்டரொன்றை இணைத்தேன். காற்று வந்தது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருந்தபோதுதான் அந்தத் தாய் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "மழை ராத்திரியில விசிறி நின்னாலும் தணல அப்படியே உள்ள வச்சுக் கதவச் சாத்திருவோம் ஐயா. புள்ளைங்களுக்கு இதமா இருக்கும்."

எனக்குப் பகீரென்றது.

விசிறி நின்றால் கரி அணைந்துவிடுவதில்லை. காற்றுப் போதாமல் அது கனன்று, காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை முன்னிலும் அதிகமாக வெளியேற்றும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கரியில் புகை குறைவு என்பதால் நாம் அதனை நம்பியும் விடுகிறோம். தலைவலி, வாந்தி, மயக்கம் எனத் தொடங்கி, உறங்குபவரை விழிக்காமலே கொண்டுபோய்விடும். மின்வெட்டின்போது பெலட் அடுப்பின் புகைவிசிறி நின்றாலும் இதே ஆபத்து உண்டு. அங்கே புகைபோக்கியும் எச்சரிக்கைக் கருவியும் காவலிருக்கின்றன. ஒற்றைக் கதவும் சிறு சன்னலும் கொண்ட லயக் காம்பராவில் என்ன காவலிருக்கிறது?

"விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உள்ளே வேண்டாமம்மா. இஸ்தோப்பில் வைத்துச் சமையுங்கள். சமைத்து முடிந்ததும் தணலை வெளியே கொட்டி மணலால் மூடிவிடுங்கள்" என்றேன்.

"சாரல் அடிக்குமே ஐயா?"

நியாயமான கேள்வி. அடப்டருக்கு வழி சொன்னவன் இதற்கும் சொல்லியாக வேண்டும். மறுநாள் இரண்டு கூரைத் தகரங்களுடன் லயத்துக்குச் சென்றோம். இஸ்தோப்பின் மழைபடும் பக்கத்தில், கீழும் மேலும் காற்றுப் போக இடம்விட்டு, அவரது மகன் அவற்றை அறைந்து முடித்தான். அன்றிரவு நல்ல மழை. அடுப்பு வெளியே இருந்தது.