நம்பர் ஒத்துப்போச்சா?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போறவன் விவரமானவனா இருந்தா பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டான். குனிஞ்சு இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி. புக்கோட ஒத்துப் பார்ப்பான். பழைய ராணுவப் பிஸ்டலுக்கு விலை போடறவங்களும் இதைத்தான் செய்றாங்க.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது லூகரால. இரண்டாம் உலகப் போர் படங்கள்ல ஜெர்மன் ஆபீசர் இடுப்புலேர்ந்து உருவுவாரே, ஒல்லிக் குழல், சாய்ஞ்ச கைப்பிடி... அதேதான்! ஜார்ஜ் லூகர் வடிவமைச்சது. ஜெர்மன் தரைப்படை 1908ல் ஏத்துக்கிட்டதால பேரு பி.08. ஏலத்துக்கு வர்ற துப்பாக்கிகளோட படங்களைப் பெருசு பண்ணிப் பார்த்தே என் ராத்திரிகள் பல போயிருக்கு. (நிஜத்தைத் தொடணும்னா லைசென்ஸ் வேணும் சாமி!)

சுடும்போது முழங்கால் மாதிரி மடங்கி நிமிர்ற பாகம் ஒண்ணு மேல இருக்கும். பேரு டாகிள். செஞ்சவங்க முத்திரை அதுலதான். பின்னிப் பிணைஞ்ச டி.டபிள்யூ.எம். எழுத்துன்னா பெர்லின் கம்பெனி. கிரீடமும் கீழே எர்ஃபர்ட்னும் இருந்தா அரசாங்க ஆயுதச்சாலை. தோட்டா உட்கார்ற அறைக்கு மேல வருஷம். சிலதுல 1917, 1920னு ரெண்டு வருஷம் இருக்கும். குழம்ப வேண்டாம். 1917 பிறந்த வருஷம். 1920, போர்ல தோத்த பிறகு 'இது அரசாங்கச் சொத்து'ன்னு குத்தினது.

அதுக்கப்புறம்தான் மேட்டரே. 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியோட கையைக் கட்டிப்போட்டிருந்துச்சு. 1920கள்ல ராணுவத்துக்குப் புது லூகர் செஞ்சு தர, சூல் ஊர்ல இருந்த சிம்சன் கம்பெனிக்குத்தான் அனுமதி. டாகிள்ல ஊரோட சேர்த்துத் தன் பேரை முழுசா பொறிச்சாங்க. சிம்சன், யூதக் குடும்பம். ஹிட்லர் வந்ததும் நெருக்கடி மேல நெருக்கடி. 1935ல் கம்பெனியையே பிடுங்கிட்டாங்க. 1936ல் குடும்பம் நாட்டை விட்டே வெளியேறிடுச்சு. அந்த நாட்டு ராணுவத்துக்கே துப்பாக்கி செஞ்சு கொடுத்தவங்க!

1934லேர்ந்து ஓபர்ன்டார்ஃப் ஊர் மவுசர் ஆலை இந்த வேலையைச் செஞ்சுது. ஆனா டாகிள்ல மவுசர்ங்கற பேர் கிடையாது. எஸ்/42னு ரகசியக் குறியீடு மட்டும். வருஷத்தையும் மறைச்சாங்க. கே-ன்னா 1934, ஜி-ன்னா 1935. 1936ல் பயம் விட்டுப்போய் வருஷத்தைப் பச்சையாவே குத்த ஆரம்பிச்சாங்க. 1941, 42ல் வந்ததுல பெரும்பாலும் பி.ஒய்.எஃப்.னு இருக்கும். அதுல கறுப்புக் கைப்பிடி போட்டதை 'பிளாக் விடோ'ன்னு சொல்லி விக்கறாங்களே, அது போருக்கப்புறம் வியாபாரம் வெச்ச பேர். அந்தப் பேருக்காக எக்ஸ்ட்ரா காசு கொடுக்கறது வேஸ்ட்!

சரி, விலை? சீரியல் நம்பரோட கடைசி ரெண்டு இலக்கம் ட்ரிகர், பக்கத் தகடு, டாகிள்னு குட்டிக் குட்டி பாகத்துலயும் இருக்கும். ஒண்ணு மாறினாலும் விலை சரியும். மேகசின் அடியிலயும் அதே நம்பர் இருந்தா ஜாக்பாட்! முதல் உலகப் போர்க் காலத்து உபரி மேகசின்ல நம்பரோட ஒரு ப்ளஸ் குறியும் இருக்கும். நம்பர் பத்தாயிரம் தொட்டதும் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கிட்டு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஓடும். அந்த எழுத்தைக் கவனிக்காம விட்டா, நாம பேசறது வேற துப்பாக்கியைப் பத்தி.

புதுசு மாதிரி பளபளன்னு இருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும். மறுபடி கறுப்பேத்த உரசும்போது முத்திரையோட ஓரங்கள் மழுங்கிடும். தேய்ஞ்சு வெளுத்திருந்தாலும் பழைய கறுப்பே மதிப்பு.

சிம்சன் செஞ்சது கம்மி. அதனாலயே இன்னிக்கு சாதாரண மவுசர் லூகரைவிட விலை ஜாஸ்தி. அப்படி ஒரு படம் மாட்டினா, நான் நம்பருக்குப் போறதுக்கு முன்னாடி டாகிளைத்தான் பெருசு பண்ணுவேன். அந்தப் பேரோட எழுத்து ஒவ்வொண்ணும் இன்னும் கூர்மையா இருக்கான்னு பார்ப்பேன்.