வண்டி பூட்டியாச்சா?

2025 மே 31, சனிக்கிழமை மாலை. டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பில் நின்றுகொண்டிருந்தேன். வடிகாலைத் தூய்மை செய்வதற்காக அந்தக் குடியிருப்பை ஜூன் 1 முதல் அகற்றும்படி டெல்லி உயர் நீதிமன்றம் அம்மாதத் தொடக்கத்தில் உத்தரவிட்டிருந்தது. 1960களின் இறுதி தொடங்கித் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து கட்டிக்கொண்ட ஏறத்தாழ 370 வீடுகள். தகுதிப் பட்டியலில் இடம்பெற்றவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில் மாற்றுவீடு. பட்டியலில் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

பேச்சுப் பதிவுகளுக்காக அங்கே சென்று வந்த பழக்கத்தில், ஒரு குடும்பத்துக்கு உதவ நண்பரின் பழைய காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கட்டிலும் பெட்டிகளும் சிறிய லாரியில் முன்னரே போய்விட்டன. எஞ்சியவை இரண்டு குடங்கள், ஒரு தையல் எந்திரம், சாமி படங்கள், எண்பதை நெருங்கும் பாட்டி. அவர்களைக் காரில் கொண்டுசேர்க்க வேண்டும்.

இறங்கும்போது சாவியை உருவிவிட்டேன். முன்சக்கரம் செங்கல் துண்டு ஒன்றில் முட்டி, முழுவதும் திரும்பிய நிலையில் நின்றது. பொருள்களை ஏற்றும்போது யாரோ ஸ்டியரிங்கைப் பற்றி இழுத்திருக்க வேண்டும். திரும்பி வந்து சாவியைப் போட்டால் அது அசையவில்லை. ஸ்டியரிங்கும் கல்லாகிக் கிடந்தது. வலுவைக் கூட்டிச் சாவியைத் திருகினேன். அது மெல்ல வளைவதுபோல் தோன்றியது.

வாசலில் மூட்டைமேல் அமர்ந்திருந்த பாட்டி கேட்டார்: “ஏம்ப்பா, வண்டி பூட்டியாச்சா?”

“ஆமாம் பாட்டி, பூட்டிக்கிச்சு. அதான் தெறக்க வரல.”

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை என்பதை முகம் காட்டியது. அவர் கேட்டது என்னவென்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

தென் டெல்லியில் ஒரு வீட்டில் கார் ஓட்டும் அவருடைய மகன் ஓடிவந்தார். “சாவியோட மல்லுக்கட்டாதீங்க தம்பி. உள்ளயே ஒடஞ்சிடும்” என்றபடி என் இடத்தில் அமர்ந்தார். ஸ்டியரிங்கை இடமும் வலமும் இலேசாக அசைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சிறிதும் நகரவில்லை. மறுபக்கம் நூலளவு இசைந்தது. இசைந்த பக்கமாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியை மெதுவாகத் திருப்பினார். ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

பிறகு அதன் அமைப்பை விளக்கினார். சாவியை எடுத்ததும், ஸ்பிரிங் ஒன்று உலோகக் கட்டையொன்றை ஸ்டியரிங் தண்டை நோக்கித் தள்ளுகிறது. ஸ்டியரிங் சிறிது திரும்பினால் அக்கட்டை தண்டின் பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. அமெரிக்காவில் புதிய கார்களைச் சாவியின்றித் திருப்பவோ ஓட்டவோ இயலாதபடி செய்ய வேண்டும் என்ற விதி 1970 ஜனவரியில் நடப்புக்கு வந்ததைப் பின்னர் படித்தேன். கல்லில் முட்டித் திரும்பி நிற்கும் டயர் தண்டை முறுக்குகிறது. அந்த முறுக்கு முழுவதும் கட்டையின் ஒரு பக்கத்தில் அழுந்துகிறது. அழுத்தம் இருக்கும்வரை கட்டை பின்வாங்காது. கட்டை பின்வாங்காமல் சாவி திரும்பாது. ஆகவே முதலில் பாரத்தை இறக்க வேண்டும், பிறகே சாவி. “ஓடுற வண்டியில மட்டும் சாவிய உருவிடாதீங்க. அப்பப் பூட்டிக்கிட்டா உசிருக்கே ஆபத்து” என்றும் சொன்னார்.

எஞ்சினை இயக்கிவிட்டு, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “பூட்டியாச்சும்மா, வந்து ஏறு!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த பாட்டிக்கு வண்டி பூட்டுவது என்றால் நுகத்தில் மாட்டைப் பூட்டுவது, புறப்பட ஆயத்தமாவது. எனக்கு வண்டியைப் பூட்டுவது என்றால் அதை நகரவிடாமல் செய்வது. ஒரே வினைச்சொல், நேர் எதிரான இரு நிலைகள். உண் என்பதிலிருந்து ஊட்டு, காண் என்பதிலிருந்து காட்டு பிறப்பதுபோல், பூண் என்பதிலிருந்து பிறந்த பிறவினை பூட்டு: அணியச் செய்தல், பிணைத்தல். நகை பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் ஏர் பூட்டுவதும் கதவைப் பூட்டுவதும் அந்தப் பிணைப்பின் கிளைகளே. மொழியியல் வகுப்பில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆயினும் பாட்டி கேட்டபோது எனக்குக் கேட்டது என் சொல்தான், அவருடைய சொல் அன்று. அரை நூற்றாண்டு டெல்லியில் வாழ்ந்தவரின் வாயில் அந்தப் பழைய பொருள் தேயாமல் இருந்தது. மகன் காரோட்டி, எனினும் தாயிடம் தாயின் சொல்லிலேயே விடை சொன்னார். அதனால்தான், பூட்டு திறந்த அந்த நொடியில், பூட்டியாயிற்று என்றார்.

அத்தகைய சொல் தனியாக வாழ்வதில்லை. கேட்கும் வாயும் விடை சொல்லும் வாயும் அருகருகே இருக்க வேண்டும். அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் பலர் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் தமிழ் படித்தவர்கள். கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. அன்று நான் எண்ணிப் பார்த்தது கட்டடங்களை அன்று. யாருக்கு அடுத்த வாசலில் யார் இருப்பார்கள் என்பதையே.

பாட்டி உடனே ஏறவில்லை. இரண்டு வீடு தள்ளியிருந்த மகளின் பெயர் பட்டியலில் இல்லை. அவர் தாயின் கையைப் பிடித்தபடி காரின் கதவருகே நின்றார். இருவரும் பேசவில்லை. அண்ணன் ஒருமுறைகூட ஆரனை அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சாவியை மட்டும் உருவவில்லை.

மறுநாள் காலை இடிப்பு தொடங்கியது. நாங்கள் நரேலா சேர்ந்தபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. புதிய வீட்டின் கதவை அண்ணன் திறந்தார். பாட்டி சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். விடைபெற்றுக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்:

“தம்பி, வண்டி பூட்டியாச்சா?”

“பூட்டியாச்சு பாட்டி” என்றேன். இம்முறை சொல் பிசகவில்லை.