ஜம்பைக்கு ஒரு நாள்

தகடூர் என்னும் பழம்பெயரைக் கேட்டவுடன் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளின் நினைவில் முதலில் எழுபவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் படையை எதிர்த்து நின்று வீழ்ந்த வீரன். ஆயினும், அவன் பெயரைப் பொறித்த பழங்கல்வெட்டு ஏதேனும் உண்டா என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் அமைதியே விடையாகக் கிடைக்கும். உண்டு. அது தருமபுரியில் இல்லை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், திருக்கோவிலூருக்கு மேற்கே, தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஜம்பை என்னும் சிற்றூரில், ஒரு குன்றின் குகைக்குள் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அதைப் பற்றிப் பாடம் நடத்தி வந்த எனக்கு, அதை நேரில் காணவேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக இருந்தது.

பேருந்தில் செல்வதானால் அரூரில் ஒருமுறை, திருவண்ணாமலையில் ஒருமுறை மாறவேண்டும். அதன் பிறகும் குன்றின் அடிவாரத்திற்கு வழி தேடவேண்டும். ஒரே நாளில் திரும்புவது அரிது. எனவே, வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஓட்டுநருக்குப் பேட்டா இவ்வளவு என்று முதல்நாளே பேசி முடித்தோம். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி வாயிலில் வந்து நின்றது.

ஓட்டுநருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அரூரில் தேநீர் அருந்தும்போதுதான் பேச்சு தொடங்கியது. இருபது ஆண்டுகளாக வாடகை வண்டி ஓட்டுகிறாராம். ஒகேனக்கல், தீர்த்தமலை, மாமல்லபுரம், தஞ்சாவூர், மைசூர் என்று அவர் அழைத்துச் செல்லாத இடமில்லை.

"தஞ்சைப் பெரிய கோயிலை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"பதினைந்து முறையாவது போயிருப்பேன், ஐயா. உள்ளே போனதில்லை. வண்டியை விட்டு நகர்ந்தால், அவர்கள் கூப்பிடும்போது பக்கத்தில் இருக்க முடியாது. வெளியே இருந்து கோபுரத்தைக் கும்பிட்டுக்கொள்வேன்."

குறையாகச் சொல்லவில்லை, தம் தொழிலின் நடைமுறை இது என்பதுபோலச் சொன்னார். பயண நூல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். மலைகளையும் மண்டபங்களையும் பக்கம் பக்கமாக வருணிக்கும் அந்நூல்களில், வண்டியோட்டி ஒரு வரியில் வந்து மறுவரியில் மறைந்துவிடுவார். காத்திருந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று எழுதியவரை நான் கண்டதில்லை.

அரூரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும், இடப்புறம் பிரியும் மண்சாலையை அவர் சுட்டிக்காட்டினார். "எங்கள் ஊர் இந்த வழியில்தான் இருக்கிறது. எங்கள் நிலத்தில் வேடியப்பன் இருக்கிறார். அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். பேட்டாப் பணத்தைச் சேர்த்துச் சேர்த்து முப்பதாயிரம் ஆகியிருக்கிறது. சாமிக்கு மேடை கட்டி, சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று இருக்கிறோம்."

வேடியப்பன் என்றால் என்னவென்று தருமபுரி மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. பிற மாவட்டத்தாருக்காகச் சொல்கிறேன். ஆநிரை கவர்ந்தோரை எதிர்த்தும் ஊரைக் காத்தும் உயிர்நீத்த வீரர்களுக்கு நட்ட கற்களே நடுகற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் அவற்றுள் பல, இன்றும் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. வீரனின் பெயரை ஊர் மறந்துவிட்டது, படையலை மறக்கவில்லை. அதியமான் இறந்தபின் அவனுக்கு நடுகல் எடுத்து, பீலி சூட்டி, கள் படைத்ததைச் சொல்லி ஔவையார் கலங்கும் பாடல் புறநானூற்றில் உள்ளது. அந்த வழக்கம் இன்னும் அறுபடாமல் இருக்கும் மண் இது.

அனுமன்தீர்த்தம் அருகே தென்பெண்ணையைக் கடந்தோம். கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வழியே வந்து, சாத்தனூர் அணையில் தேங்கி, திருக்கோவிலூரைத் தழுவிக் கடலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு அது. நாங்கள் ஊத்தங்கரை, செங்கம் என்று சுற்றிச் செல்ல, ஆறு நேர்வழியில் சென்று ஜம்பையில் எங்களுக்காகக் காத்திருந்தது.

செங்கத்தில் சிற்றுண்டி. அவ்வட்டாரம் நடுகற்களின் புதையல். எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தொறுவை மீட்கப் போரிட்டு இறந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துவிட்டு, வீழ்ந்தவனைக் காத்து நின்றது. வீரனோடு நாயையும் கல்லில் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் இட்லியை மறந்து என்னைப் பார்த்தார். "நாயின் பெயர் தெரிகிறதா, ஐயா? ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தா?" என்றார். அதன்பின் வண்டியில் ஏறியும் நெடுநேரம் பேசவில்லை.

திருவண்ணாமலையை நிற்காமல் கடந்தோம். தெற்கே திரும்பியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. முந்திச் செல்ல முடியாமல் அவற்றின் பின்னாலேயே சென்றோம். கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு கூறும் செய்தி அப்போது என் நினைவுக்கு வந்தது. பொருத்தமான தடைதான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஜம்பையில் குன்றின் அடியில் வண்டியை நிறுத்தியதும், ஓட்டுநர் வழக்கம்போல இருக்கையைச் சாய்த்து நாளிதழை எடுத்தார்.

"நீங்களும் வாருங்கள், தம்பி."

"வண்டி இருக்கிறதே, ஐயா."

"சுற்றிலும் ஆட்டுக்குட்டிகள்தாம் இருக்கின்றன. வண்டிக்கு ஒன்றும் ஆகாது."

பூட்டினார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், சிறிது தூரம் வந்தபின் மீண்டும் சென்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஊரார் தாசிமடம் என்றழைக்கும் குகைக்கு வழி காட்டினார்.

கோட்டை கொத்தளங்களை எதிர்பார்த்து வருபவர் ஏமாற்றமடைவர். அங்கே இருப்பது ஓர் இயற்கைக் குகை. அதன் பாறையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. 'ஸதியபுதோ' என்று தொடங்கி, 'அதியன் நெடுமான் அஞ்சி' என்னும் பெயரைச் சொல்லி, அவன் ஈந்த 'பாளி' இது என்று முடிகிறது. பாளி என்பது துறவியர் தங்கும் உறைவிடம். எழுத்தமைதியைக் கொண்டு இதனைக் கி.பி. முதல் நூற்றாண்டினது எனக் கருதினார் ஐராவதம் மகாதேவன். இன்னும் முந்தையது என்பாரும் உளர்.

அந்த முதற்சொல்லில்தான் இக்கல்வெட்டின் பெருமை அடங்கியுள்ளது. மௌரியப் பேரரசர் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் கால்நடைகளுக்கும் தாம் செய்த மருத்துவ ஏற்பாடுகளைக் கூறுமிடத்து, தம் எல்லைக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், ஸதியபுதோ, கேரளபுத்திரர் ஆகியோரைக் குறிப்பிடுகிறார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்தினார். மூவேந்தரோடு சேர்த்து எண்ணப்பட்ட அந்த நான்காமவர் யார் என்பது அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு வழக்காடப்பட்டது. காஞ்சிபுரம் என்றனர் சிலர்; மேலைக் கடற்கரை என்றனர் சிலர்; மராட்டியம் என்றோரும் இருந்தனர். அதியமான் என்று ஊகித்தவர்களும் உண்டு. ஆனால், ஊகம் சான்றாகாது. மறுபுறம், 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் அதியமானின் புகழ் விரிவாகக் கிடைத்தது. வடக்கின் கல்வெட்டு சொல்லும் பெயர் அதில் இல்லை. 1981இல் இக்கல்வெட்டு கண்டறியப்பட்டபோது, இரு பெயர்களும் ஒரே வரியில் அருகருகே நின்றன. 'புதோ' என்னும் பிராகிருதச் சொல் மகனைக் குறிக்கும். அதியமகன் என்பதே அதியமான் ஆயிற்று. சேரமகன் சேரமான் ஆனது போல.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட ஓட்டுநர் சொன்னார்: "ஐயா, எனக்கு லைசென்சில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்தேன். அந்தச் சான்றிதழ்தான் இந்தப் பாறையா?"

இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் விளக்கியதில்லை.

அவர் தொடர்ந்து கேட்டார்: "போரில் வென்றது, நாட்டைப் பிடித்தது எல்லாம் எழுதவில்லையா?"

இல்லை. இத்தனைக்கும், மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரை அதியமான் வென்றான் என்பது புறநானூறு தரும் செய்தி. அவ்வூர் இக்குன்றிலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லலாம். தகடூரிலிருந்து இவ்வளவு தூரத்தில் அவன் பெயர் காணப்படுவதற்கு அவ்வெற்றியே காரணம் எனக் கருத இடமுண்டு. பாடல்கள் வேலையும் களிற்றையும் பாட, கல் மட்டும் ஒரு தங்குமிடத்தைப் பற்றிப் பேசுகிறது.

எழுத்துகளைத் தொடாமல், விரலைக் காற்றில் நகர்த்தி அவர் எண்ணிப் பார்த்தார். பிறகு, "1981க்கு முன்னால் இங்கே யாரும் வரவே இல்லையா?" என்றார்.

"வராமல் இருப்பார்களா? மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள், ஆடு மேய்த்திருப்பார்கள். யாரோ கிறுக்கிய கோடுகள் என்று எண்ணியிருப்பார்கள்."

அவர் குகையின் வாயிலில் சென்று சிறிது நேரம் நின்றார். "எங்கள் வேடியப்பன் தலைக்கு மேலேயும் கிறுக்கல் இருக்கிறது, ஐயா" என்றார்.

திரும்பும் வழியில் திருக்கோவிலூர் சென்று கபிலர் குன்றைக் காண எண்ணியிருந்தேன். அதைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைத்தோம். வெளிச்சம் இருக்கும்போதே அவர் ஊரை அடையவேண்டும். காலையில் அவசரமின்றி ஓட்டிய மனிதர், இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். செங்கத்தில் தேநீருக்குக்கூட நிற்கவில்லை.

புளியமரத்தடியில், இடுப்பளவு உயரத்தில் இருந்தது அக்கல். எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, அதன்மேல் மீண்டும் எண்ணெய் என்று பல தலைமுறைகள் அதன்மீது படிந்திருந்தன. கையில் வில்லேந்திய உருவம் மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மேலே, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கோடுகள். பக்கத்தில் மணலும் ஜல்லியும் குவிக்கப்பட்டிருந்தன. டைல்ஸ் பெட்டிகள் ஆறு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அவருடைய தாயார் விளக்கேற்ற வந்திருந்தார். மகன் விவரம் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இரும்பு படக்கூடாது. தண்ணீரும் துணியும் மட்டும்தான்" என்றார். அந்தக் கட்டளை எந்தக் கல்வெட்டு அறிஞரும் ஒப்புக்கொள்ளத்தக்கது. அவரே ஈரத்துணியால் மெல்லத் துடைத்தார். கோடை விடுமுறையில் கல்வெட்டுப் பயிற்சி பெற்ற அளவுக்கே எனக்கு வட்டெழுத்துத் தெரியும். முதல் எழுத்து 'கோ'. அடுத்தது 'வி'யாக இருக்கலாம். பல்லவர் காலத்து நடுகற்கள் பல 'கோவிசைய' என்று தொடங்குவதை எண்ணியபோது என் கை சற்று நடுங்கியது. மேற்கொண்டு படிக்க முடியவில்லை. எஞ்சிய வரிகள் சுண்ணாம்புக்குள் இருந்தன. கைப்பேசியில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டேன். தொல்லியல் துறைக்கு அனுப்பினால் வந்து படியெடுப்பார்கள் என்றேன்.

"கொத்தனார் என்ன செய்வதாகச் சொன்னார்?"

"கல் சாய்ந்திருக்கிறதாம். ஒரு முழம் கீழே இறக்கி, கான்கிரீட் போட்டு நிறுத்திவிட்டு, முகத்தை மட்டும் விட்டு மற்ற இடமெல்லாம் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார்."

தாயார் குறுக்கிட்டார்: "எழுத்து இருந்தால் இருக்கட்டும். அதற்காகச் சாமி மழையில் நனைந்துகொண்டே இருப்பதா? என் மகன் இருபது வருடம் ஊரார் வண்டியில் உட்கார்ந்து சேர்த்த காசு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்லைத் தொடாமல், நான்கு தூண் நட்டு மேலே கூரை மட்டும் போடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பதில் சொல்லவில்லை. விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். ஓட்டுநர் சற்றுத் தள்ளிச் சென்று, பெங்களூரில் வேலை பார்க்கும் தம் அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தார். டைல்ஸ் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அண்ணன் உரக்கச் சொல்வது எனக்கும் கேட்டது.

"டைல்ஸ் வீட்டுத் திண்ணைக்கு ஆகும், அண்ணா. கொத்தனாரை இப்போது வரவேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். இல்லை, யாரும் பணம் கேட்கவில்லை. நீ பொங்கலுக்கு வந்தபோது பார்த்தாயே, சாமி தலைக்கு மேல் கோடு கோடாக... அது கோடு இல்லை, அண்ணா. நீ கேள், முழுவதும் சொல்கிறேன்."

வண்டியின் சாவி அவர் கையிலேயே இருந்தது. நான் புளியமரத்தடியில் அமர்ந்து காத்திருந்தேன்.