விழப்போகிற பல்தானே?

“விழுந்து முளைக்கிற பல்தானே, அதுக்குப் போய் டாக்டரா?” பால் பல்லில் சொத்தை விழுந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே நம் வீடுகளில் இப்படிப் பேசுகிறோம். அதே பிள்ளைக்கு 8 வயதில் மேல்வரிசை முன்பற்கள் சந்து விட்டு முளைத்தால், “உடனே கிளிப் போடணுமா?” என்று தவித்துப்போகிறோம். கவலைப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கவலைப்படுகிறோம் என்பது என் எண்ணம்.

என் தங்கை மகனுக்கு 7 வயதில் எடுத்த முழுவாய் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னத் தாடைக்குள் இரண்டு அடுக்குப் பற்கள்! பால் கடைவாய்ப்பல்லின் வேர்கள் அகல விரிந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் முளையை நடுவில் கவ்விப் பிடித்திருந்தன. மேல் கோரைப்பல்லோ மூக்கோரம், எங்கோ உயரத்தில் கிடந்தது. அது இறங்கி வர 11, 12 வயதாகும்.

அந்தச் சந்துக்குக் காரணமும் பெரும்பாலும் அந்தக் கோரைப்பல்தான். இறங்குகிற வழியில் பக்கத்துப் பல்லின் வேரை அது நெருக்க, முன்பற்களின் நுனிகள் விலகுகின்றன. அது முழுதாக முளைத்ததும் சந்து அநேகமாகத் தானே மூடிக்கொள்ளும். பிராட்பென்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1937-லேயே இதை வளர்ச்சியின் ஒரு கட்டம் என்று விளக்கிவிட்டார்.

தாடை விஷயத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது. விரல் சூப்புவதாலும் வாயால் மூச்சு விடுவதாலும் மேல்தாடை குறுகிப்போகலாம். விரல் சூப்புவது 3, 4 வயதுக்குள் நின்றுவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. எப்போதும் வாயைத் திறந்தபடி தூங்குகிற பிள்ளையை அதட்டிப் பயனில்லை. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீங்கியிருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறுகிப்போன மேல்தாடையைச் சிறு வயதில் எளிதாக விரிக்கலாம். மேல்தாடையின் இரு பாதிகளும் சேரும் நடு இணைப்பு இறுகிய பிறகு அறுவை சிகிச்சை வரை போக நேரும்.

என்னை அதிகம் வருத்துவது அந்தப் பால் கடைவாய்ப்பல்தான். 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கிறது. ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல் அது. பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது முன்னால் நகராமல் தடுத்து நிற்பது இரண்டாவது பால் கடைவாய்ப்பல். 10, 12 வயது வரை அது இருந்தாக வேண்டும். சொத்தை முற்றி 7 வயதிலேயே பிடுங்கிவிட்டால், பின்பல் அந்த இடத்தில் சரிந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே காத்திருந்த பல் கோணலாக முளைக்கும், இல்லையென்றால் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் இடம்தான், ஆனால் பிள்ளையின் வாயில் அது பெரிய இடம்.

ஆகவே சொத்தையைச் சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடுவது நல்லது. வேர்வரை போயிருந்தாலும் சிகிச்சை செய்து, மேலே உறை போட்டுப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த இடம் போகாமல் இருக்க ஒரு கம்பி வளையம் மாட்டுவார்கள். பல்லைப் பிடுங்கும்போதே அந்த வளையத்தைக் கேட்டுவிடுங்கள். “லீவுக்கு வந்து போட்டுக்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள். பின்பல் அதிகம் நகர்வது முதல் 6 மாதத்தில்தான்.