தேய்ந்த படி

தம்பி, சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பக்கத்துப் பட்டறையில் நீ வேலைக்குச் சேர்ந்திருப்பதாக உன் அப்பா சொன்னார். சந்தோஷம். இரும்பு சோறு போடும். எனக்கு முப்பத்தைந்து வருடம் போட்டது. உனக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கம்பித் துண்டின் கதை இருக்கிறது. கேட்டுக்கொள்.

அது 1985. எனக்கு இருபத்திரண்டு வயது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கால்வனைசிங் பட்டறையில் ஆசிட் தொட்டி என் பொறுப்பு. துருப்பிடித்த கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி எடுத்தால் பளிச்சென்று வரும், பிறகுதான் துத்தநாக முலாம். நாளாக ஆக அமிலம் வீரியம் இழந்து பச்சை நிறமாகிவிடும். அதைக் காலி செய்ய முதலாளி ஒரு சுலப வழி சொல்லிக்கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசலில் இருக்கும் மேன்ஹோல் மூடியைத் தூக்கு, ஓஸை உள்ளே விடு, வால்வைத் திற. நானும் அப்படியே செய்தேன். மூடியைச் சாத்தி, கை கழுவி, நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது.

அந்தத் தெருவில் அடைப்பு எடுக்க வரும் அண்ணன் ஒருவர் எங்களோடு டீ குடிப்பார். ஒருநாள் நொண்டிக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் ஒரு இரும்புத் துண்டு. மேன்ஹோலுக்குள் இறங்கச் சுவரில் பதித்திருக்கும் படி. "கால வச்சேன் தம்பி, அப்படியே முறிஞ்சு போச்சு" என்றார். கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டிய கம்பி, நடுவில் பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"துருதான், வேறென்ன" என்றார் டீக்கடைக்காரர். நான் வாய் திறக்கவில்லை. துரு எப்படித் தின்னும், அமிலம் எப்படித் தின்னும் என்று தினமும் பார்க்கிறவன் நான். எடுக்க மறந்து இரவு முழுக்கத் தொட்டியில் கிடந்த கம்பி எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது அந்தப் படி. கொஞ்ச நாளில் அவர் வேறு பகுதிக்குப் போய்விட்டார். "அண்ணே, அது என் வேலை" என்று அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பாரம் இன்னும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மேன்ஹோலின் சாக்கடைக் குழாய் எங்கே போகிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வட சென்னைச் சாக்கடையின் பெரும்பகுதி பம்பிங் ஸ்டேஷன் வழியாகக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே அழுக்கைத் தின்று தீர்ப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். சோறும் மலமும் அவற்றுக்கு உணவு. அமிலமும் ஈயமும் குரோமியமும் விஷம்.

அரசு விதித்த அளவுகளைப் பார்த்தாலே இது விளங்கும். ஆற்றில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி., அதாவது அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராம் தாண்டக் கூடாது. பொதுச் சாக்கடையில் 350 வரை விடலாம், மிச்சத்தை நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும் என்பதால். ஆனால் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். இரண்டுக்கும் ஒன்றுதான்: 5.5 முதல் 9 வரை. அந்த 350-ம், சாக்கடை அப்படியொரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால்தான். போகாவிட்டால், ஆற்றில் விடுவதாகவே கணக்கு.

இன்னொன்றும் கேள். 2019 முதல் கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் மீண்டும் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் மணலி ஆலைகளுக்கே போகிறது. சாக்கடையில் நஞ்சு விடுகிறவன் தன் தொழிலுக்கு வரும் தண்ணீரிலேயே கை வைக்கிறான்.

அமிலம் மட்டும்தான் ஆபத்து என்றும் எண்ணாதே. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரலில் பெட்ரோல் கசிந்து சாக்கடைக் குழாய்க்குள் சேர்ந்தது. தெருத்தெருவாக வெடித்து 200 பேருக்கு மேல் செத்தார்கள். அவ்வளவு தூரம் ஏன்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கிய எண்ணெய், எண்ணூர் மீனவர்களின் வலையையும் படகையும் கறுப்பாக்கியதை நீயே பார்த்தாய். ஒரு டின் தின்னரைக் குழியில் கொட்டும்போது அதை நினைத்துக்கொள்.

அமிலத்துக்கே திரும்பி வருகிறேன். சாக்கடையில் தேங்கிய கந்தகச் சேர்மங்களின் மேல் அது பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்பும். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவன் அப்படியே சாய்வான். பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இருந்தும் சாவு நிற்காததால், 2023-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது.

நான் உடனே வேலையை உதறினேன் என்று சொன்னால் பொய். அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு மூட்டை வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "எல்லாரும்தான் விடுறாங்க, நீ மட்டும் என்ன பெரிய இவனா?" என்றார். நாலு மாதம் கழித்துத்தான் விலகினேன். அடுத்துப் போன இடத்தில் தனித் தொட்டி இருந்தது. பழைய அமிலத்தில் சுண்ணாம்பைக் கலக்கி, பி.ஹெச். தாளில் பார்த்து, இரும்புச் சேறு அடியில் படிந்த பிறகே தெளிந்த நீரை வெளியே எடுப்பார்கள். இன்று அந்தச் சேற்றைக் கும்மிடிப்பூண்டியில் இருக்கும் பாதுகாப்பான நிலநிரப்பு இடத்துக்கு அனுப்பலாம். இதற்கெல்லாம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

நாளைக்கே உன் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வா. தரையில் இருக்கும் ஒவ்வொரு குழியும் எங்கே போகிறது என்று கேள். பதில் கிடைக்காத குழியில் எதையும் ஊற்றாதே. ஒரு ராத்திரி உன்னையும் யாராவது வால்வைத் திறக்கச் சொல்வார்கள். "சுண்ணாம்பு போட்டு, பி.ஹெச். பார்த்துட்டுத் திறக்கிறேன் அண்ணே" என்று சொல். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.