அண்ணாவின் அம்பிளிபயர்

இந்தப் பக்கத்திற்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டபோது, எனக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னேன். இடம்பெயர்ந்த கதையையும் இழந்தவர்களின் கதையையும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அது எங்கள் எல்லோருக்கும் ஒரே கதைதான். பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மூலையில் இருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வெல்லாவெளி. எனக்கு ஒரே ஒரு அண்ணா. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்கள் றேடியோவில் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் இளைஞர். வயலில் வேலை செய்துகொண்டே கிற்றார் பழகினார். மட்டக்களப்பு நகரில் பறங்கியர் வீடுகளில் வயலினும் கிற்றாரும் வைத்துக் கப்ரிஞ்ஞா வாசிப்பார்கள். அங்கே போய்ப் போய்த்தான் பழகினார். 1978 நவம்பர் 23 ஆம் திகதி அடித்த சூறாவளிக்கு அடுத்த வருடம், அப்படி ஒரு குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. அவர்களிடம் இருந்த கிற்றார் அம்பிளிபயரை அண்ணா வாங்கினார். நெல் விற்ற காசு அதற்குப் போய்விட்டதென்று அப்பா இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை.

அது வால்வ் வைத்த பெட்டி. ஸ்பீக்கரோடு சேர்த்து ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத பாரம். பின்பக்கம் ஐந்து கண்ணாடிக் குழல்கள், மூன்று சின்னது, இரண்டு பெரியது. முன்பக்கத்தில் வயர் குத்துவதற்கு நான்கு ஓட்டைகள். அவற்றை சனல் ஒன்று, சனல் இரண்டு என்று பிரித்திருந்தது. ஒவ்வொரு சனலுக்கும் ஒரு சத்தக் குமிழ். இரண்டுக்கும் பொதுவாக பாஸ், மிடில், ட்ரெபிள் என்று மூன்று குமிழ்கள். பெயர்த்தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. அண்ணாவின் இசைக்குழு களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கமெல்லாம் கலியாண வீடுகளிலும் விழாக்களிலும் வாசித்தது. அண்ணாவின் கிற்றார் சத்தம் தனியாகத் தெரியும் என்று சொல்லுவார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் விளங்காது. எனக்குத் தெரிந்தது, அவர் வாசிக்கும்போது அம்மா அடுப்படியில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார் என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குத்தான் போவார்கள். அண்ணாவும் அப்படிப் போனார். பெட்டியை மட்டும் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். 1990 ஆனியில் மறுபடி யுத்தம் தொடங்கியது. ஒரு நாள் அலுவலாக மட்டக்களப்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்போது மச்சாள் வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளை தகப்பனைப் பார்த்ததே இல்லை.

பெட்டியை நாங்கள் தொடவில்லை. சாக்குப் போட்டு மூடி, அதன்மேல் நெல் மூட்டை அடுக்கினோம். 2007 பங்குனியில் படுவான்கரை முழுக்க ஷெல் விழத் தொடங்கியதும் சனம் எல்லாம் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி எழுவான்கரைக்கு ஓடியது. அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்படும்போது எனக்கு அண்ணா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. “பெட்டி போனாலும் பறவாயில்ல, இந்தக் குழல் உடைஞ்சா எடுக்கேலாது.” ஓடிப்போய் ஐந்து குழல்களையும் கழற்றி, பழைய சேலைத் துண்டில் சுற்றி, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி மூடி நிற்கவில்லை. பின்பக்கத்தில் ஒரு சாண் நீளத்தில் ஒரு வயர்த்துண்டு கிடந்தது. அதை எடுத்துக் கட்டினேன். கூடாரத்தில் இருந்த மாதங்கள் முழுக்க அந்தப் பெட்டி என் தலைமாட்டில் இருந்தது. பக்கத்துக் கூடாரத்து அக்கா, “என்னகா அதுக்குள்ள, நகையா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மீளக் குடியேறியபோது வீட்டின் ஓடு பாதி இல்லை. அம்பிளிபயர் இருந்தது. உள்ளே குளவிக்கூடும் பல்லி முட்டையும் இருந்தன. எங்கள் வளவுக்குக் கரண்ட் வந்தது யுத்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்து. அதன் பிறகும் அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

2013 இல் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. அண்ணாவின் மகள் கல்முனையில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிற்றார் வாங்கி வந்தாள். அதே மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, ஓடாவிட்டாலும் பறவாயில்லை, 60,000 ரூபா தருகிறேன் என்றார். எனக்கு அப்போது கிழமைக் கடன் ஏறி நின்றது. கணவர் இல்லாத வீடு. திங்கட்கிழமை வந்தால் கடன் சேர்க்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே நெஞ்சு இடிக்கும். அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “ஒருக்காப் போட்டுக் காட்டு. அவன்ட சத்தம் வந்தா இரிக்கட்டும். வராட்டி குடுத்துப்போடு.” வந்தவரிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் றேடியோ திருத்தும் வயதான மாமா ஒருவர் இருந்தார். வால்வ் றேடியோ காலத்து ஆள். அவர் வந்து முதலில் சொன்னது வேலை பற்றி அல்ல, பயம் பற்றி. இப்படிப்பட்ட பெட்டிக்குள் பல நூறு வோல்ட் ஓடும். கரண்ட் வயரைக் கழற்றிய பிறகும் கொண்டென்சர்களுக்குள் அது தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லவும் கூடும். அதனால் தெரிந்த ஒருவர் அதை வடித்துவிட்ட பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பீக்கர் தொடுக்காமல் ஒருபோதும் போடக்கூடாது. போட்டால் ட்ரான்ஸ்போமர் எரிந்துவிடும். ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ, அதே அளவு பின்பக்க ஓட்டையில்தான் குத்த வேண்டும்.

காய்ந்துபோன கொண்டென்சர்களை மாற்றினார். நான் ஈயம் பிடித்தேன். பெரிய குழல் ஒன்று செத்திருந்தது. இந்தக் குழல்கள் இப்போதும் சீனா, ரஷ்யா, சிலோவாக்கியா போன்ற நாடுகளில் செய்யப்படுகின்றன. இரண்டு பெரிய குழலும் சோடியாக இருக்க வேண்டும் என்றதால் சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் புதுச் சோடி ஒன்றை அனுப்பினார். மாமா அவற்றைப் போட்டு, மீற்றரை வைத்து, அவற்றில் ஓடும் கரண்டைச் சரியான அளவுக்கு வைத்தார். முதல் தரம் நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை இடையில் தொடுத்தார். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், பெட்டி தப்பிவிடும். எங்கள் பல்ப் ஒருதரம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கியது. குழல்கள் மெல்லச் சிவந்தன. மாமா, “உயிர் இரிக்கி புள்ள” என்றார்.

மகள் கிற்றாரைக் குத்தி, எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருகிவிட்டு அடித்தாள். தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருந்தது. அம்மா கதிரையில் இருந்தபடி தலையை ஆட்டினார். “இது அவன்ட சத்தமில்ல.”

மாமா சிரித்தார். “எல்லாத்தையும் முழுக்கக் கிறுக்கினா சத்தந்தான் வரும் மகள், தொனி வராது.” அன்று பின்னேரம் முழுக்க அவர் சொல்லிக்கொடுத்ததை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

போட்டவுடன் வாசிக்கக்கூடாது. குழல் சூடேறச் சில நிமிடம் விட வேண்டும். பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்க வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் திருக வேண்டும், கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்தது. சத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் தெளிவான ஒலி உடையத் தொடங்கும். ட்ரான்சிஸ்டர் பெட்டியில் அது திடீரென்று வெட்டினாற்போல் உடையும். வால்வில் ஓரம் மழுங்கி, கரகரப்பும் இனிமையும் கலந்து வரும். அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் குமிழை நிறுத்தினால், மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தி அடித்தால் கரகரப்பு. மிச்சத்தைக் கையே செய்யும். சத்தம் கூடும்போது பாஸைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குமுறும். பெட்டியைச் சீமெந்துத் தரையிலோ மூலையிலோ வைத்தாலும் அந்தக் குமுறல் கூடும். நாங்கள் அதை ஒரு பலகை வாங்கின் மேல் தூக்கி வைத்தோம்.

மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பாடம் இதுதான். மகள் நின்றுகொண்டு வாசித்தாள். ஸ்பீக்கர் அவளுடைய முழங்காலுக்கு நேரே இருந்தது. ட்ரெபிள் சத்தம் நேராகத்தான் போகும், மேலே ஏறாது. அவளுக்கு மந்தமாகக் கேட்டதால் அவள் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போனாள். நேர் முன்னால் இருந்த அம்மாவின் காதில் அது ஊசியாய்க் குத்தியது. மாமா அவளைக் கூப்பிட்டு அம்மாவின் கதிரையில் இருத்தினார். “கேக்கிற ஆள் இரிக்கிற இடத்தில இரிந்து கேளு” என்றார். அவள் கேட்டுவிட்டுத் தானாகவே ட்ரெபிளைக் குறைத்தாள்.

இவ்வளவும் செய்த பிறகு சத்தம் நன்றாகவே வந்தது. சனல் ஒன்றில் குத்தினால் கூர்மை, சனல் இரண்டில் குத்தினால் தடிப்பு. மகள் மாறி மாறி வாசித்துக் காட்டினாள். அம்மா, “நல்லாத்தான் இரிக்கி. ஆனா அவன்ட இல்ல” என்றார். மாமாவும் கையை விரித்தார். தவணைக்கு நான்கு நாள்தான் இருந்தது. விற்பதென்று மனதில் முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அம்மா முற்றத்தில் இருந்துகொண்டு திடீரென்று கேட்டார். “அவன் முன்னுக்கு ஒரு குட்டிக் கம்பி குத்துவானே, அது எங்க?”

“என்ன கம்பி அம்மா?”

“ரெண்டு ஓட்டையையும் சேத்துக் குத்துவான். கைப்பிடி மாதிரி வளைஞ்சி நிக்கும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிப்போய் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தேன். 2007 இல் நான் கட்டிய வயர் அப்படியே அதில் சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் இரண்டு முனையிலும் கிற்றார் வயரில் இருப்பதுபோலப் பித்தளைப் பிளக். ஆறு வருடம் அதைக் கயிறு என்று நினைத்து வைத்திருக்கிறேன்.

மாமாவை வரவழைத்தோம். அவர் வயரைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார். கிற்றாரை முதலாவது சனலில் குத்தி, அதே சனலின் மற்ற ஓட்டையிலிருந்து இந்தக் குட்டி வயரை இரண்டாவது சனலுக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றாக வேலை செய்யும். கூர்மை எவ்வளவு, தடிப்பு எவ்வளவு என்பதை இரண்டு சத்தக் குமிழ்களாலும் கலந்துகொள்ளலாம். எல்லாப் பெட்டியிலும் இது சரிவராது. சிலவற்றில் இரண்டு சனலும் எதிரெதிராக நின்று சத்தத்தை மெலித்துவிடும். எங்கள் பெட்டியில் சரிவந்தது. மகள் கூர்மையைப் பாதிக்குக் கீழே வைத்து, தடிப்பை மெல்ல மெல்லச் சேர்த்துக்கொண்டு, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

“ஒள்ளுப்பம் குறைச்சு வை புள்ள. அவன் இவ்வளவு கூட்டமாட்டான்.”

மகள் குறைத்தாள். அம்மா பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அடுப்படி வாசலில், முன்பு நின்று கேட்கிற இடத்தில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் விளங்கிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தாள். தகப்பனைப் பற்றி அவளுக்கு நாங்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறோம். அன்றைக்குத்தான் அவள் அவரிடம் நேரே கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

கொழும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கடனை அடைக்க இரண்டு மாடுகளை விற்றேன். அது பெரிய கஷ்டம்தான், மறைக்கவில்லை. அந்த ஆண்டு காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது, அம்மா அண்ணாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு முறையிடப் போனார். பதில் வரவில்லை. 2016 இல் அம்மா காலமானார். கடைசி மாதங்களில் பின்னேரமானால், “அதைப் போடச் சொல்லு” என்பார்.

மாமாவிடம் பழகிய வேலையை நான் விடவில்லை. இப்போது கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோகும் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு வயர் ஒட்டிக் கொடுக்கிறேன், பிளக் மாற்றிக் கொடுக்கிறேன். பொம்பிளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்களே பழுதான மைக்கைக் கொண்டுவந்து தருகிறார்கள். மகள் சனிக்கிழமைகளில் நான்கு பெண்பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக்கொடுக்கிறாள். புதிதாக வருகிற பிள்ளை எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகத்தான் பார்க்கும். அப்போது அவள் அந்தப் பிள்ளையை எழுப்பி, அம்மா இருந்த கதிரையில் இருத்துவாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் போனவர்கள் விட்டுச்சென்ற ஏதாவது ஒரு சாமான் மூலையில் கிடக்கும். எதற்கென்று தெரியாத துண்டு துணுக்குகளும் அதோடு கிடக்கும். எறிவதற்கு முன் வீட்டிலுள்ள வயதானவர்களிடம் ஒருதரம் காட்டிக் கேளுங்கள். குட்டி வயரை நான் இப்போது எதையும் கட்டப் பாவிப்பதில்லை. அது பெட்டியின் முன்னால், அம்மா சொன்னபடி, கைப்பிடி மாதிரி வளைந்து நிற்கிறது.