ரெண்டாவது கொப்பி

 

போன தவணை லாப்பில் பாடம் வராமல் போன கதையை ஜெட்டியில், கடையில், பள்ளிவாசல் வாசலில் என்று ஆள் ஆளாகக் கேட்டீர்கள். "சேர், கொம்பியூட்டர் எல்லாம் பழுதாமே?" பழுதில்லை. நடந்ததை ஒருக்கா முழுதாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவில் இன்டர்நெட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கடந்தகால வினாத்தாள்கள், பாட வீடியோக்கள், தமிழ் விக்கிப்பீடியா எல்லாவற்றையும் ஒரு பழைய கொம்பியூட்டரில் போட்டு லாப்பில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் 'பாடம்' என்ற பெயரை அடித்தால் அது திறக்கும். ஆனால் கொம்பியூட்டருக்குப் பெயர் விளங்காது, 192.168.1.20 மாதிரி இலக்கம்தான் விளங்கும். பெயரைக் கேட்டு இலக்கத்தைச் சொல்ல இன்னொரு மிசின் வேண்டும். அதுதான் டிஎன்எஸ் சேர்வர். அதை ஒபிசில் வைத்திருந்தேன். 'பைண்ட்' என்ற இலவச மென்பொருள், உலகம் முழுக்கப் பாவிப்பது.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது அந்த ஒபிஸ் மிசினின் பவர் சப்ளை எரிந்தது. பாடங்கள் இருந்த மிசின் லாப்பில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. பதினொராம் ஆண்டுப் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பவர் சப்ளை யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வந்து, படகேறி வந்து சேர நான்கு நாள்.

கலாசாலையில் என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்குப் போன் எடுத்தேன். "செகண்டரி வைக்கேல்லயா மச்சான்?" என்றான். கலாசாலையில் அதை ஒரு பந்தியாகப் படித்தோம். பரீட்சைக்கு எழுதவும் எழுதினேன். செய்யத்தான் இல்லை.

செகண்டரி என்றால் இதுதான்: பெயர்ப் பட்டியல் முதல் சேர்வரில் இருக்கும், திருத்துவது அங்கே மட்டும். இரண்டாவது சேர்வர் அதைத் தானே பிரதி எடுத்து, கேட்பவர்களுக்கு அதே அதிகாரத்தோடு பதில் சொல்லும். ஒரு பழைய லப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்து நான்கு வரி எழுதினேன்: பட்டியலின் பெயர், 'டைப் செகண்டரி', முதல் சேர்வரின் இலக்கம், பிரதியை எழுதும் கோப்பு. முதல் சேர்வரில் ஒரு வரி: இந்த லப்டொப்புக்கு மட்டும் பட்டியலைக் கொடு. (இந்த வரி முக்கியம். அதைப் போடாமல் இருந்த ரெண்டு நாளில் ஒரு பெடியன் 'டிக்' கட்டளையால் பட்டியல் முழுவதையும் இறக்கி எனக்கே காட்டினான். அவனுக்குப் பேசவா பாராட்டவா என்று தெரியவில்லை.)

பிரதி வரவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்தேன். கடைசியில் பார்த்தால், செட்டிங்ஸ் இருக்கும் கோப்புறையில் எழுத பைண்டுக்கு அனுமதி இல்லை. 'வார்' கோப்புறைக்குள் இருக்கும் 'கேஷ்' பக்கம் பாதையை மாற்றியதும் ஒரு நொடியில் வந்தது. கோப்பைத் திறந்தேன், உள்ளே புரியாத குறிகள். பழுதாக்கிவிட்டேன் என்று பயந்துபோனேன். பைண்ட் 9.9இலிருந்து செகண்டரியின் பிரதி, மனிதர் வாசிக்கும் எழுத்தாக இல்லாமல் மிசின் வாசிக்கும் வடிவத்தில்தான் சேமிக்கப்படும் என்று பிறகுதான் அறிந்தேன்.

பெருமையோடு நண்பனுக்குப் படம் அனுப்பினேன். சிரித்தான். "ரெண்டும் ஒரே மேசை, ஒரே பிளக். அதுக்கு ஏன் ரெண்டு?" 2001 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட்டுக்கு நடந்ததும் இதுதான். அவர்களிடம் நான்கு டிஎன்எஸ் சேர்வர் இருந்தது, நான்கும் ஒரே வலையமைப்பில். ஒரு ரவுட்டரில் பிழை விட்டதும் அவ்வளவு பெரிய கம்பனியின் இணையத்தளங்கள் போய்விட்டன. இரண்டாவது சேர்வரை வேறு இடத்தில், வேறு பாதையில் வை என்று 1997இலேயே ஆர்எஃப்சி 2182 எழுதிவைத்தது. எங்கள் '.எல்கே', '.இலங்கை' பெயர்களின் பட்டியலுக்கும் நாட்டுக்கு வெளியே பிரதிகள் இருக்கின்றன. லப்டொப்பை லாப்புக்கு மாற்றினேன். பாதிக் கொம்பியூட்டர்களுக்கு லப்டொப்பை முதலாவதாகவும், மற்றப் பாதிக்கு ஒபிசை முதலாவதாகவும் கொடுத்தேன்.

அதோடு முடியவில்லை. பாட மிசினை மாற்றியபோது இலக்கம் 20 போய் 25 ஆனது. ஒபிஸ் சேர்வரில் திருத்தினேன். அடுத்த நாள் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது, பாதிக்கு வரவில்லை. பட்டியலின் தலையில் ஒரு தொடர் இலக்கம் இருக்கும். திருத்தும்போது அதைக் கூட்டினால்தான் செகண்டரி "புதுசு வந்திருக்கு" என்று எடுக்கும். நான் கூட்டவில்லை. லப்டொப் பழைய இலக்கத்தையே வலு நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது திகதியையே தொடர் இலக்கமாக எழுதுகிறேன்: வருடம், மாதம், நாள், பின்னால் அன்றைக்கு எத்தனையாவது திருத்தம் என்று இரண்டு இலக்கம். திருத்திய பிறகு ரெண்டு சேர்வரிடமும் 'டிக்' மூலம் கேட்டு, ரெண்டும் ஒன்றைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன்.

கடைசிப் பிழைதான் என்னை நித்திரை கொள்ளவிடாதது. ஒரு வெள்ளி பின்னேரம் ஒபிஸ் பக்கம் பிரேக்கர் விழுந்தது. பரவாயில்லை, லாப்பில் செகண்டரி இருக்கிறதே என்று திங்கள் வந்தேன். அதுவும் பதில் சொல்லவில்லை. லப்டொப் ஓடுகிறது, பிரதி உள்ளே இருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. பட்டியலில் 'எக்ஸ்பயர்' என்று ஒரு காலம் உண்டு: முதல் சேர்வரோடு தொடர்பு அற்று இவ்வளவு காலம் போனால், தன்னிடம் இருப்பதைச் செகண்டரி நம்பாது, சொல்லாது. நான் யோசிக்காமல் 86400 செக்கன், அதாவது ஒரு நாள், போட்டிருந்தேன். ரெண்டிலிருந்து நான்கு கிழமை வை என்று 1996இன் ஆர்எஃப்சி 1912 சொல்கிறது. இப்போது 2419200, நான்கு கிழமை. தவணை விடுமுறையில் ஒபிஸ் பூட்டிக் கிடந்தாலும் தாங்கும்.

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உம்மாவுக்கு டிஎன்எஸ் தெரியாது. ஆனால் பிரதி என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பிப் போய் தன் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தா. உம்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பிள்ளை. 1990 ஒக்டோபர் 30, ரெண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னபோது வீட்டிலிருந்த பத்திரங்கள் ஒன்றும் வரவில்லை. புத்தளம் முகாமில் சில வருடம் "நீங்கள் யார்" என்பதற்கே தாள் இல்லாமல் இருந்தா. பிறகு கொழும்பிலிருந்த பதிவுப் பிரதியிலிருந்து வாப்பா எடுத்துக் கொடுத்தது இது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கு. "இதுக்கும் வேற இடத்தில ஒண்டு வை" என்றா. ஸ்கான் பண்ணி புத்தளத்தில் இருக்கும் ராத்தாவுக்கு அனுப்பினேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. எங்கள் பள்ளிவாசலின் பழைய சந்தாக் கொப்பிகளும் மையவாடிக் கணக்கும் ஒரே அலுமாரியில், ஒரே பிரதியாக இருக்கின்றன. உப்புக் காத்தில் ஓரம் உதிர்கிறது. நிர்வாகம் சம்மதித்தால் நானும் 'டிக்' அடித்த அந்தப் பெடியனும் வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு படம் எடுக்க வருகிறோம். புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கும் எங்கள் ஊர் ஆட்களில் யார் ஒரு பிரதி வைத்திருப்பீர்கள்? கீழே பெயரைப் போடுங்கள்.